நேட்டால் தமிழர் குடிவழித் தேடல்

நேட்டால் தமிழர் குடிவழித் தேடல் என்பது, 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற தமிழர்களின் பூர்விக ஊரையும், அவ்வூரிலேயே தங்கிவிட்ட உறவினரின் வழிவந்தோரையும் கண்டறியும் குடும்ப வரலாற்று ஆய்வாகும். கூலி ஒவ்வொருவரையும் காலனி அரசு எண்ணிட்டுப் பதிந்ததால், கரையேறிய நாட்டில் ஆவணங்கள் மிகுதி. புறப்பட்ட ஊரில் குறைவு. ஆகவே தேடல் டர்பன் ஆவணங்களில் தொடங்கி, தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெரியவர்களின் நினைவில் முடிவது வழக்கம்.

பின்னணி

கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிச் சென்ற முதல் கப்பலான ட்ரூரோ, சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1866இல் நின்றுபோன குடியேற்றம் 1874இல் மீண்டும் தொடங்கி 1911 வரை நீடித்தது. மொத்தம் 1,52,184 பேர் சென்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும். 5 ஆண்டு ஒப்பந்தம் முடிந்த பின் பலர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினர். கைக்காசு செலவழித்துக் கப்பலேறிய வணிகர்களும் பிறரும் ‘பயணி இந்தியர்’ எனப்பட்டனர். கூலிகளுக்கான பட்டியலில் அவர்கள் பெயர் இராது.

கப்பல் பட்டியல்

தேடலின் முதன்மைச் சான்று கப்பல் பட்டியல். ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட காலனி எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் ஆகியவை அதில் உண்டு. மூலப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. காலனி எண் கிடைத்துவிட்டால் திருமணப் பதிவு முதலிய பிற பதிவுகளையும் தேடுவது எளிதாகும். வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கும் வழித்தோன்றல்களும் இப்பட்டியலின் நகலைச் சான்றாகக் காட்டுகின்றனர்.

எண் தெரியாதவர்கள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க இறப்பு அறிவிப்புப் படிவத்தில் இறந்தவரின் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் பெயர்கள் கேட்கப்படுவதால், ஒரு தலைமுறையிலிருந்து முந்தைய தலைமுறைக்கு ஏற அது உதவும். பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினர். முனுசாமி என்ற ஒரே பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் காணப்படும். சில குடும்பங்களில் தந்தையின் இயற்பெயரும், வேறு சிலவற்றில் சாதிப் பட்டமும் குடும்பப் பெயராக நிலைத்தன. எனவே பெயரை மட்டும் நம்பாமல் தந்தை பெயர், வயது, கிராமம் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஊரை அடையாளம் காணல்

பட்டியலிலுள்ள ஜில்லாக்களின் எல்லைகள் இன்று மாறிவிட்டன. வட ஆற்காடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் வடபகுதி 1911இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்து இன்று ஆந்திரத்தில் உள்ளது. எஞ்சிய பகுதி 1989இல் வேலூர், திருவண்ணாமலை எனப் பிரிந்தது; 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஒரே பெயரில் பல கிராமங்கள் இருப்பதால், பட்டியலில் உள்ள தாலுகாவைப் பழைய நிலப்படத்தோடு ஒப்பிட்ட பிறகே ஊரை உறுதிசெய்ய முடியும்.

தமிழ்நாட்டில் தேடல்

பழைய அரசு ஆவணங்கள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கிராம அளவில் நிலவுரிமையைக் காட்டுவது ‘அ’ பதிவேடு. கர்ணம், முன்சீப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்ட பின் கிராமக் கணக்குகள் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தன. ஆனால் கப்பலேறியவர்களில் நிலமற்றோர் பலர். அவர்கள் பெயரை நிலக் கணக்கில் தேடிப் பயனில்லை. கிறித்தவக் குடும்பங்களுக்குத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு உதவக்கூடும்.

ஏடுகள் கைவிடும் இடத்தில் குலதெய்வக் கோயில் வழிகாட்டுகிறது. வெவ்வேறு ஊர்களில் வாழும் பங்காளிகள் அங்கே கூடுவதால், எந்தக் குடும்பம் எவருடைய கிளை என்பதை அறிந்த மூத்தோரை அங்கே சந்திக்கலாம். ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டுகளும் குடும்பங்களை இனங்காண உதவும். நேட்டால் குடும்பம் தன் குலதெய்வத்தின் பெயரை மறவாதிருந்தால், ஊர்ப்பெயர் சிதைந்திருந்தாலும் தேடலைத் தொடர முடியும்.

மரபணுச் சோதனை

கப்பலேறியவர் ஒருவரின் கொள்ளுத்தாத்தா என்றால், அவருடைய உடன்பிறந்தாரின் கொள்ளுப்பேரருடன் அந்த ஒருவர் பகிரும் மரபணு சராசரியாக 0.8 விழுக்காடு, இரு பக்கமும் இன்னும் ஒரு தலைமுறை விலகினால் 0.2 விழுக்காடு. அக்காள் மகள், அத்தை மகள், மாமன் மகள் எனச் சொந்தத்திலேயே மணமுடித்த குடும்பங்களில் பகிர்வு கூடுதலாகத் தெரியும். தூரத்து உறவுகூட நெருங்கிய உறவுபோல் தோன்றும். ஆண்வழி மாறாமல் இறங்கும் ஒய் குரோமோசோம் பங்காளி உறவைச் சோதிக்க ஏற்றது. எனினும் ஊரில் உள்ளவர்களும் சோதனைக்கு உடன்பட்டால்தான் ஒப்பீடு சாத்தியம்.

பிற நாடுகள்

மொரீசியசில் குடியேறியோர் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. பலருடைய ஒளிப்படங்களும் அங்குண்டு. பிஜிக்கு 1879 முதல் 1916 வரை சென்ற சுமார் 60,000 பேருக்குக் குடியேற்றச் சீட்டுகள் உள்ளன. அங்கே சென்னையிலிருந்து ஆள் சென்றது 1903 முதல்தான். இலங்கைக்கும் மலாயாவுக்கும் பெரும்பாலோர் கங்காணிகள் வழியாகவே சென்றனர். ஊர்ப்பெயரோடு கூடிய இத்தகைய தனிநபர் பட்டியல் அவர்களுக்கு அரிது. அங்கே தோட்டப் பதிவேடுகளையும் குடும்ப நினைவையுமே ஆய்வாளர் பெரிதும் சார்ந்திருக்க வேண்டியுள்ளது.