உறையில் சொல்லப்படாத ஒவ்வாமைப் பொருள்: பிஸ்கட், கேக் திரும்பப் பெறப்படுவது ஏன்?

பிஸ்கட், கேக், ரொட்டி போன்ற பொதியப்பட்ட பேக்கரிப் பொருட்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டால், அவை கெட்டுவிட்டன என்றே பலரும் எண்ணுவர். ஆனால், பண்டத்தில் வேறு குறை ஏதும் இல்லாதபோதும், அதில் கலந்துள்ள பால், முட்டை அல்லது நிலக்கடலை உறையில் குறிப்பிடப்படாததாலேயே அவை திரும்பப் பெறப்படுவதுண்டு.

பிறருக்குத் தீங்கற்ற இப்பொருட்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தோல் தடிப்பு முதல் மூச்சுத்திணறல் வரை ஏற்படுத்தக்கூடும். சிலருக்குச் சிறிதளவே உயிராபத்தாக முடியும். 2016-ஆம் ஆண்டு லண்டன் விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியை உண்ட 15 வயதுச் சிறுமி, அதன் மாவில் கலந்திருந்த எள்ளால் உயிரிழந்தார். கடையிலேயே தயாரித்துப் பொதியப்படும் உணவுகளுக்கு உட்பொருள் பட்டியல் அப்போது அங்கு கட்டாயமில்லை. அதைக் கட்டாயமாக்கிய 'நடாஷா சட்டம்' 2021 அக்டோபர் 1 முதல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது.

தவறு எங்கே நேர்கிறது?

ஒரு பண்டம் வேறொரு பண்டத்தின் உறைக்குள் இடப்படுவது, ஒரே இயந்திரத்தில் பல வகைகள் தயாரிக்கப்படும்போது எச்சம் கலந்துவிடுவது, செய்முறை மாறிய பின்னும் பழைய உறையையே பயன்படுத்துவது ஆகியவை முக்கியக் காரணங்கள். வெளியிலிருந்து வாங்கப்படும் சாக்லேட் போன்ற பொருட்களில் ஏற்கெனவே பால் கலந்திருப்பது கவனிக்கப்படாமல் போவதும் உண்டு.

இந்தியாவில் விதி என்ன?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, குளுட்டன் உள்ள தானியங்கள், ஓட்டுடலிகள் (இறால், நண்டு), பால், முட்டை, மீன், நிலக்கடலை மற்றும் கொட்டைப் பருப்புகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட சல்பைட் ஆகியவற்றை உறையில் தனியே அறிவிக்க வேண்டும். இப்பட்டியலில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் அறிவிப்பது கட்டாயம். ஆகவே, எள் ஒவ்வாமை உள்ளவர்கள் இங்கு உட்பொருள் பட்டியல் முழுவதையும் படிப்பது அவசியம்.

விதிக்கு மாறான உணவை உடனே திரும்பப் பெற்று, காரணத்தை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் பொறுப்பை 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு நிறுவனங்கள் மீது சுமத்துகிறது.

நுகர்வோர் செய்ய வேண்டியவை

திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியானால், தொகுதி எண்ணையும் தயாரிப்புத் தேதியையும் வீட்டிலுள்ள பொட்டலத்துடன் ஒப்பிட வேண்டும். பொருந்தினால், ஒவ்வாமை உள்ளவர்கள் அதைச் சிறிதும் சுவைத்துப் பார்க்கலாகாது. வழக்கமாக வாங்கும் பண்டமாயினும் ஒவ்வொரு முறையும் உறையைப் படிப்பதே பாதுகாப்பு, செய்முறை மாறியிருக்கலாம். உண்ட பின் முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.