வராதவரின் வழக்கு: பிரிவு 11-உம் பிரிவு 12-உம்

குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘எக்ஸ்பார்ட்டி’. பெயரைக் கூப்பிட்டும் எதிர்மனுதாரர் வரவில்லை, எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது, இனி தீர்ப்பு நம் பக்கம்தான் என்று மனுதாரரின் உறவினர்கள் பெருமூச்சு விடுவார்கள். அந்த நிம்மதி அவசரமானது. வழக்கை யாரும் எதிர்த்தாலும் எதிர்க்காவிட்டாலும், சொல்லப்பட்ட காரணம் மெய்யென்று நீதிபதிக்கே மனநிறைவு ஏற்பட வேண்டும் என்கிறது 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், பிரிவு 23. திருமணம் செல்லாது என்று கேட்கும் வழக்கில் அந்த மனநிறைவு எப்படி வரும் என்பது, மனு பிரிவு 11-இன் கீழ் வந்ததா 12-இன் கீழ் வந்ததா என்பதைப் பொறுத்தது.

தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். அழைப்பாணையோடு அமீனா போவார். ஆள் கிடைக்காவிட்டால் கதவில் ஒட்டுவார். அதுவும் பலிக்காதபோது, எதிர்மனுதாரர் கடைசியாகக் குடியிருந்ததாகத் தெரிந்த ஊரில் புழங்கும் நாளிதழில் விளம்பரம் கொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. அதன்பிறகும் வராதவரைத் தவிர்த்துவிட்டு, மனுதாரரின் பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் கொண்டு விசாரணை நடக்கும்.

பிரிவு 11 பேசுவது பிறக்கும்போதே உயிரில்லாத திருமணத்தை. கணவனுக்கோ மனைவிக்கோ ஏற்கெனவே துணை உயிரோடிருந்தால், அல்லது இருவரும் மணக்கக் கூடாத உறவினர் என்றால், நீதிமன்றம் செய்வது நடந்ததை அறிவிப்பது மட்டுமே. முதல் திருமணம் முறையாக நடந்ததற்கும், இரண்டாவது நடந்த நாளில் அது நிலைத்திருந்ததற்கும் சாட்சியும் சான்றும் இருந்தால், வராதவரின் மௌனம் பெரிய குறையில்லை. ஏமாந்து இரண்டாம் மனைவியாகிவிட்ட பெண்ணுக்கு அந்த முதல் மனைவியின் சாட்சியமே போதுமான பலம். இருவரும் கூடிப் பேசிக்கொண்டு வழக்கு நடத்துகிறார்களா என்ற கேள்வியைக்கூடச் சட்டம் இங்கே கேட்பதில்லை. செல்லாத திருமணம் இருவரும் கைகோத்துக்கொண்டு வந்தாலும் செல்லாததுதான்.

ஆனால் உறவுமுறையைக் காரணம் காட்டும் மனு தமிழ்நாட்டில் வேறு மாதிரியானது. சட்டத்தின் எழுத்துப்படி தாய்மாமனும் அக்காள் மகளும் மணக்கக் கூடாதவர்கள். அத்தை மகனும் மாமன் மகளும்கூட அப்படித்தான். இந்தத் திருமணங்களைக் காப்பாற்றுவது, வழக்காறு அனுமதித்தால் தடையில்லை என்று பிரிவு 5 தரும் விலக்கு. எங்கள் குடும்பங்களில் இது தலைமுறை தலைமுறையாக உண்டு என்று சொல்ல வேண்டியவர் எதிர்மனுதாரர். அவர் வராத நாளில் அந்த வழக்காற்றை யார் எடுத்துச் சொல்வது? உறவுமுறையை மட்டும் பார்த்துத் தீர்ப்பாணை கொடுத்தால், ஊரே வந்து வாழ்த்திய திருமணம் ஒரு பிற்பகலில் இல்லாததாகிவிடும். வழக்காறு பற்றி நீதிபதியே மனுதாரரைக் கேட்டாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரிவு 12 இதற்கு நேர் எதிர். இங்கே திருமணம் உயிரோடிருக்கிறது. நீதிமன்றம் சொல்லும்வரை செல்லும். ஆண்மையின்மையால் உறவு கூடாதது, செல்லுபடியாகும் சம்மதம் தர முடியாத மனநிலை, பலவந்தம் அல்லது வஞ்சனையால் பெற்ற சம்மதம், திருமணத்தின்போதே வேறொருவரால் கருவுற்றிருந்தது ஆகியவை காரணங்கள். இவற்றில் பெரும்பாலானவை இரண்டு பேருக்குள்ளேயே அடங்கிய உண்மைகள். அந்த இருவரில் ஒருவர் வரவில்லை. மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடலாம் என்று 2003-இல் சாரதா எதிர் தர்மபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருக்கும் இடமே தெரியாதவரை யார் பரிசோதிப்பது?

காலக்கெடுவும் இங்கேதான் இறுக்குகிறது. வஞ்சனை தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு வர வேண்டும். தெரிந்தபின் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது. கருவுற்றிருந்தது காரணமென்றால் திருமண நாளிலிருந்தே ஓராண்டு. எப்போது தெரிந்தது என்று மறுத்துப் பேச ஆளில்லாத கூடத்தில், மனுதாரர் சொல்லும் தேதியே ஒரே தேதி. அந்தத் தேதியை ஏதாவதொரு கடிதமோ மருத்துவச் சீட்டோ தாங்கி நிற்கிறதா என்று பார்ப்பது நீதிபதியின் கடமை. கூட்டுச்சதி பற்றிய கேள்வியும் பிரிவு 12-இல் உயிரோடு இருக்கிறது. வராமல் இருப்பதே பேசிவைத்த ஏற்பாடாக இருக்கலாமே!

தீர்ப்பாணைக்குப் பிறகும் வேறுபாடு தொடர்கிறது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்கக் கேட்க 30 நாள் கெடு. ஆனால் காலவரையறைச் சட்டத்தின் 123-ஆம் இனம், நாளிதழ் விளம்பரத்தை முறையான சேர்ப்பிப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த வழியில் முடிந்த வழக்கில், தீர்ப்பு எதிர்மனுதாரருக்குத் தெரிய வந்த நாளிலிருந்தே 30 நாள் ஓடத் தொடங்கும். ஆண்டுகள் கழித்தும் அவர் வந்து நிற்கலாம். பிரிவு 11 வழக்கில் அப்போது தீர்ப்பாணை நீங்கினாலும், முதல் மனைவி இருந்தது உண்மையென்றால் திருமணம் மறுபடி உயிர் பெறாது. பிரிவு 12 வழக்கிலோ பழைய திருமணம் எழுந்துவிடும். மனுதாரர் இதற்குள் வேறு திருமணம் செய்திருந்தால், அந்தப் புதுத் திருமணமே பிரிவு 11-இன் கீழ்க் கேள்விக்கு உள்ளாகும்.