ஒற்றை வரவு

சில மாதங்களுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு கவிதைத் தொகுதியை வெளியிட்டுவிட்டு எழுதுவதையே நிறுத்திக்கொண்ட ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தது. 'அவர் ஒரு ஒன்-ஹிட் வொண்டர், அவ்வளவுதான்' என்றார் நண்பர். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சொற்றொடர் உறுத்த ஆரம்பித்தது. இது நம் விமர்சனத்தில் பிறந்த சொல் அல்ல. அமெரிக்க, பிரிட்டிஷ் பாப் இசைத்தட்டு வியாபாரத்தின் சொல். ஒரு வியாபாரத்தின் அளவுகோலைக் கடன் வாங்கும்போது அதற்குப் பின்னாலுள்ள கணக்கையும் சேர்த்தே வாங்கிவிடுகிறோம். வங்கியில் வேலை பார்க்கிற எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பட்டியல். ஒரு பாடல் வெற்றி பெற்றதா இல்லையா என்று சொல்வதற்கு ஒரு பட்டியல் வேண்டும். பிரிட்டனில் 1952 வரை அச்சிட்ட இசைத்தாள்களின் விற்பனையை வைத்துத்தான் பாடல்களின் செல்வாக்கு அளக்கப்பட்டு வந்தது. அந்த வருஷம் நவம்பர் 14ஆம் தேதி 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகை இசைத்தட்டு விற்பனைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பத்திரிகையைச் சேர்ந்த பெர்ஸி டிக்கின்ஸ் என்பவர் சுமார் 20 கடைகளுக்கு டெலிபோன் செய்து, எவை நன்றாக விற்கின்றன என்று விசாரித்துத் தயாரித்தது அது. முதலிடம் அமெரிக்கப் பாடகர் அல் மார்ட்டினோவுக்கு. அமெரிக்காவில் 'பில்போர்ட்' பத்திரிகை, பல தனித்தனிப் பட்டியல்களை வைத்திருந்த பிறகு, 1958 ஆகஸ்ட் 4ஆம் தேதியிட்ட இதழில் 'ஹாட் 100' என்ற பட்டியலைத் தொடங்கியது. விற்பனையோடு வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணக்கிடுவது அதன் முறை. கடைக்காரர்களும் வானொலி நிலையத்தாரும் தெரிவிப்பதை நம்பியே இந்தக் கணக்கு நடந்தது. விற்பனையையும் ஒலிபரப்பையும் இயந்திரத்தின் மூலம் நேரடியாகப் பதிவு செய்யும் ஏற்பாடு பில்போர்ட் பட்டியலுக்கு 1991இல்தான் வந்தது.

இவ்வளவு மனிதக் கைகள் பட்ட ஒரு பட்டியலில் ஒரு முறை பெயர் வந்து மறுமுறை வராமல் போனவருக்குத்தான் இந்தப் பட்டம். பட்டத்துக்கான விதிகளும் சீரானவை அல்ல. பிரிட்டிஷ் பட்டியல் தொகுப்பாளர்கள் கண்டிப்பானவர்கள். ஒரு முறை முதலிடம், அதற்கு முன்னும் பின்னும் பட்டியலில் எதுவுமே இல்லை என்றால்தான் அவர்களுக்கு ஒற்றை வெற்றியாளர். அமெரிக்கர்கள் முதல் 40 இடங்களுக்குள் ஒரே ஒரு முறை நுழைந்தவரையே அப்படிச் சொல்லிவிடுகிறார்கள்.

இந்த இரண்டாவது விதியைப் பிரயோகித்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்காவில் முதல் 40க்குள் வந்தது ஒரே ஒரு முறை: 1968இல், பாப் டிலனின் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' பாடலை அவர் வாசித்தபோது, 20ஆவது இடம். கித்தார் என்ற வாத்தியத்தின் பாஷையையே மாற்றிய மனிதர் கணக்குப்படி ஓர் ஒற்றை வெற்றியாளர். அதே ஹெண்ட்ரிக்ஸுக்கு பிரிட்டனில் 1967இல் மட்டும் மூன்று பாடல்கள் முதல் பத்துக்குள் வந்தன. இருபது வருஷங்களுக்கு மேல் மேடையில் இருந்த கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கும் அமெரிக்காவில் 1987இல் கிடைத்த ஒன்பதாவது இடம் மட்டுமே மிச்சம். தலைகீழான உதாரணமும் உண்டு. கேலின் ட்வின்ஸ் என்ற அமெரிக்க இரட்டைச் சகோதரர்களின் 'வென்' 1958இல் பிரிட்டனில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. பிறகு அங்கே அவர்களுக்கு எதுவுமே இல்லை. சொந்த நாட்டிலோ இரண்டாவது பாடலும் 12ஆவது இடம் வரை போனது. அட்லாண்டிக்கின் ஒரு கரையில் ஒற்றை வெற்றியாளர், மறு கரையில் இல்லை. அப்படியானால் இந்தப் பட்டம் கலைஞனுடைய குணத்தையா சொல்கிறது, இல்லை பேரேட்டின் குணத்தையா?

பேரேட்டைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்குச் சாட்சியாக ஒரு சங்கிலியைச் சொல்கிறேன். அதன் இரு முனைகளிலும் ஒற்றை வெற்றியாளர்கள் இருக்கிறார்கள்.

பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த சில்வெட்ஸ் என்ற நான்கு பேர் கொண்ட கறுப்பர் குழு. அதன் ரிச்சர்ட் லூயிஸ் ராணுவத்திலிருந்து திரும்பி, வேலையில்லாமல் வீட்டிலிருந்தபோது, போய் வேலை தேடு என்று அம்மா நச்சரித்ததிலிருந்து பிறந்ததாம் 'கெட் எ ஜாப்'. வேலையின்மையைப் பற்றிய, வேகமும் வேடிக்கையுமான பாட்டு. 1958 பிப்ரவரியில் அது அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்தது. அமெரிக்கப் பொருளாதாரம் ஒரு தேக்கத்தில் இருந்த மாதங்கள் அவை என்பது வெறும் தற்செயலாக இருக்க முடியாது. அதற்குப் பிறகு அந்தக் குழுவின் எந்தப் பாட்டும் பாப் பட்டியலில் ஏறவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. டெட்ராய்ட்டில் பெர்ரி கார்டி என்ற இளம் பாடலாசிரியர், ஸ்மோக்கி ராபின்சன் என்ற இன்னும் இளையவருடன் சேர்ந்து, அந்தப் பாட்டுக்கு ஒரு பதில் பாட்டுத் தயாரித்தார்: 'காட் எ ஜாப்', அதாவது வேலை கிடைத்துவிட்டது. ராபின்சனின் மிரக்கிள்ஸ் குழுவின் முதல் தட்டு அதுதான். அதற்காகத் தன் கைக்கு வந்து சேர்ந்த செக் 3 டாலர் 19 சென்ட்தான் என்று கார்டி பிற்பாடு சொல்லி வந்தார். பிறருடைய கம்பெனிக்குத் தட்டுத் தயாரித்துக் கொடுப்பதில் பயனில்லை, சொந்தமாகத் தொடங்கு என்று ராபின்சன் தூண்ட, கார்டி குடும்பத்தார் சேர்ந்து நடத்திய சேமிப்பு நிதியிலிருந்து 800 டாலர் கடன் வாங்கினார். 1959 ஜனவரியில் டாம்லா என்ற கம்பெனி பிறந்தது. பிறகு மோட்டவுன் என்று உலகம் அறிந்த ஸ்தாபனம் அதுவே. சில்வெட்ஸ் பேரேட்டில் ஒரே வரி; அந்த ஒரு வரியிலிருந்து ஒரு யுகமே கிளைத்தது. பட்டியலில் இந்தத் தொடர்பைக் காட்டுவதற்குப் பத்தி எதுவும் கிடையாது.

சங்கிலியின் மறுமுனை பேரட் ஸ்ட்ராங். 1959இல், பதினெட்டு வயதில், டாம்லாவுக்காக அவர் பாடிய பாட்டு 'மணி'. பணம் வேண்டும், அதுதான் வேண்டும் என்று கேட்கும் பாட்டு. 1960இல் ஹாட் 100இல் 23ஆவது இடம் வரை வந்தது. கார்டியின் ஸ்தாபனத்துக்கு முதல் தேசிய வெற்றி என்று பொதுவாகச் சொல்லப்படுவது. 1963இல் பீட்டில்ஸ் தங்கள் இரண்டாவது ஆல்பத்தில் அதைப் பாடினார்கள். பாடகராக ஸ்ட்ராங்குக்கு முதல் 40க்குள் வேறு பாட்டு வாய்க்கவில்லை. ஆகவே பட்டியல்காரர்களுக்கு அவர் ஓர் ஒற்றை வெற்றியாளர்.

உண்மை என்ன? அறுபதுகளின் பிற்பாதியில் அதே ஸ்தாபனத்தில் நார்மன் விட்ஃபீல்டுடன் சேர்ந்து பாட்டு எழுதினார் ஸ்ட்ராங். மார்வின் கே பாடி 1968இல் முதலிடம் போன 'ஐ ஹெர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்', வியட்நாம் யுத்த காலத்தில் எட்வின் ஸ்டார் பாடி 1970இல் முதலிடம் வந்த 'வார்', டெம்ப்டேஷன்ஸ் 1972இல் பாடிய 'பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்' எல்லாம் அவர்கள் இருவரும் எழுதியவை. ஒரு தலைமுறையின் காதுகளை நிரப்பியவருக்குப் பாடகர் பத்தியில் ஒரு வரி.

அந்த ஒரு வரியிலும் தகராறு. 'மணி' பாட்டின் காப்புரிமைப் பதிவில் முதலில் ஸ்ட்ராங்கின் பெயரும் எழுதியவர்களில் ஒன்றாக இருந்தது. மூன்று வருஷம் கழித்து, 1962இல் அது நீக்கப்பட்டது. 1987இல் பதிவைப் புதுப்பிக்கும்போது மறுபடி சேர்ந்தது. மறு வருஷம் மறுபடி அடிக்கப்பட்டது. இந்த விவரங்கள் 2013இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட கட்டுரையால் பரவலாகத் தெரிய வந்தன. பாட்டை உருவாக்கியதில் எனக்குப் பங்குண்டு என்பது ஸ்ட்ராங்கின் கட்சி. பாட்டு கார்டியும் ஜேனி பிராட்ஃபோர்டும் எழுதியது, ஸ்ட்ராங்கின் பெயர் சேர்ந்தது ஒரு குமாஸ்தாவின் கைப்பிழை என்பது கார்டி தரப்பு. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஸ்ட்ராங் 2023 ஜனவரியில் 81 வயதில் இறந்து போனார். குமாஸ்தாவாக இருக்கிற எனக்கு அந்தக் கைப்பிழை என்ற வார்த்தையைத் தாண்டிப் போக முடியவில்லை. பெயரை எழுதுவதும் ஒரு குமாஸ்தாவின் கை, அடிப்பதும் ஒரு குமாஸ்தாவின் கை. இசைச் சரித்திரம் என்று நாம் படிப்பதில் எவ்வளவு பங்கு இந்தக் கைகளுடையது என்று யோசிக்கிறேன்.

இரண்டாவது வெற்றி ஏன் வரவில்லை என்ற கேள்விக்குத் திறமை தீர்ந்துவிட்டது என்பதே சுலபமான பதில். பெங்குவின்ஸ் என்ற லாஸ் ஏஞ்சலிஸ் குழுவின் விஷயம் வேறு பதில் சொல்கிறது. 1954இல் டூடோன் என்ற சின்னக் கம்பெனிக்காக, ஒருவர் வீட்டுக் கார்ஷெட்டில் பதிவு செய்தது அவர்களது 'எர்த் ஏஞ்சல்'. பாப் பட்டியலில் எட்டாவது இடம். அதே பாட்டை மெர்க்குரி என்ற பெரிய கம்பெனி, க்ரூ கட்ஸ் என்ற கனடிய வெள்ளையர் குழுவைக் கொண்டு பாட வைத்து மூன்றாவது இடத்துக்குக் கொண்டுபோனது. கறுப்பர் குரலை ஒலிபரப்பத் தயங்கிய வானொலி நிலையங்களுக்கு அந்தக் காலத்தில் இப்படி ஒரு நகல் வசதியாக இருந்தது. பிறகு மெர்க்குரிக்குப் பெங்குவின்ஸே தேவைப்பட்டார்கள். அவர்களது மானேஜர் பக் ராம், இவர்கள் வேண்டுமானால் என்னிடமுள்ள இன்னொரு குழுவையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். எடுத்துக்கொண்டார்கள். அந்த இன்னொரு குழு பிளாட்டர்ஸ். கொசுறாகப் போன பிளாட்டர்ஸ் அந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்றானது. விலை பேசப்பட்ட பெங்குவின்ஸுக்கு முதல் 40க்குள் மறுபடி இடமே கிடைக்கவில்லை.

சின்னக் கம்பெனிகளின் நிலைமையும் இதில் உண்டு. தட்டு அச்சிடும் ஆலைக்குக் கையில் பணம் கொடுத்தாக வேண்டும். விநியோகஸ்தரோ மாதக்கணக்கில் கடன் சொல்வார். விற்காததைத் திருப்பியும் அனுப்புவார். பாட்டு ஓடினால் இன்னும் அச்சிட வேண்டும், இன்னும் பணம் வேண்டும். வெற்றியே நெருக்கடியாகிவிடும் தொழில் இது. ஒரு கடன் மனுவின் பின்னாலுள்ள தாள்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இரண்டாவது தட்டு என்பது பல சமயங்களில் இரண்டாவது மூலதனம்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். எல்லோரும் வஞ்சிக்கப்பட்டவர்கள் அல்ல. நெப்ராஸ்காவைச் சேர்ந்த டென்னி ஜேகர், ரிக் எவன்ஸ் இருவரும் 'இன் தி இயர் 2525' என்ற பாட்டை 1968இல் டெக்ஸாஸின் ஒடெஸ்ஸாவில் பதிவு செய்தார்கள். பாட்டு எவன்ஸ் நான்கு வருஷம் முன்பு எழுதியது. முதலில் சொந்தப் பொறுப்பில் 1000 தட்டுகள், பிறகு ஆர்.சி.ஏ. எடுத்துக்கொண்டது. யந்திரத்திடம் தன்னை ஒப்புக்கொடுத்துவிடும் மனிதகுலத்தின் எதிர்காலத்தைப் பற்றிய இருண்ட பாட்டு. 1969 ஜூலையில் நிலவில் மனிதன் கால் வைத்த வாரம் அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்தது இதுதான். மொத்தம் ஆறு வாரங்கள். பிரிட்டனிலும் மூன்று வாரங்கள் முதலிடம். அதன்பின் இரு நாட்டுப் பட்டியல்களிலும் அவர்கள் பெயர் இல்லை. இவர்கள் விஷயத்தில் சதி எதையும் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சொல்வதற்கு அவர்களிடம் ஒன்று இருந்தது, உலகம் கேட்கத் தயாராக இருந்த வாரத்தில் அதைச் சொன்னார்கள். ஜேகர் பிறகு கித்தார் செய்யும் தொழிலுக்குப் போனார். இதைத் தோல்வி என்று சொல்லத் தொழிற்சாலையின் தர்க்கம் வேண்டும். இயந்திரம் ஒன்றைச் செய்தால் மறுநாளும் அதையே செய்ய வேண்டும் என்ற தர்க்கம் அது.

நம் மரபுக்கு இந்தத் தர்க்கம் அந்நியம். குறுந்தொகையில் ஒரே பாடலுடன் நிற்கிறவர்கள் பலர். செம்புலப் பெயல்நீரார் என்பவருக்குச் சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை. பாட்டிலிருந்த உவமையே பெயராகிவிட்டது. அடுத்து என்ன எழுதினார் என்று யாரும் கேட்டதில்லை.

வங்கியில் ஒரு விதி உண்டு. இரண்டு வருஷங்களுக்கு மேல் வாடிக்கையாளர் பணம் போடவோ எடுக்கவோ இல்லையென்றால் அது செயல்படாத கணக்கு. ஆனால் சேமிப்புக் கணக்கு செயல்படாமல் போனாலும் வட்டி நிற்பதில்லை. முறைப்படி வரவு வைக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். யாருடைய பெயரில் கணக்கு என்பதுதான் கேள்வி. விமர்சகன் பார்க்க வேண்டியதும் அதைத்தான் என்று தோன்றுகிறது: எத்தனை வரவுகள் என்பதை விட, இருக்கிற ஒரு வரவு சரியான பெயரில் இருக்கிறதா என்பதை.

நண்பர் சொன்ன கவிஞரின் தொகுதியை அன்றிரவு மறுபடி எடுத்துப் படித்தேன். 64 பக்கங்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அதைப் பையில் எடுத்துப் போவதாக இருக்கிறேன்.