அதிபருக்குக் கற்பிப்பவர் யார்? - இங்கிலாந்து அனுபவம் பற்றிச் சில குறிப்புகள்

‘பாடசாலையின் நன்மை தீமை எல்லாம் அதிபரின் கையில்தான்’ என்று எம்மவர்கள் சொல்லும்போது நான் மறுப்பதில்லை. ஆனால் அந்தக் கையில் யார் எதைக் கொடுத்தார்கள் என்று எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் எமது பாடசாலைக்கு அதிபரானவர் மிகச் சிறந்த கணித ஆசிரியர். அதிபரான அன்று அவருக்குக் கிடைத்தது ஒரு திறப்புக்கோர்வையும் சில பதிவேடுகளும்தான். பெற்றோரின் கோபத்தையும் ஆசிரியர்களின் பிணக்கையும் இராணுவச் சுற்றிவளைப்பையும் அவர் தனியே நின்றுதான் சமாளித்தார். பின்னர் லண்டனில், எனது பிள்ளைகள் படித்த ஆரம்பப் பாடசாலையின் நிர்வாகசபையில் பெற்றோர் பிரதிநிதியாக அமர்ந்தபோது, செல்வம் கொழிக்கும் இந்நாட்டிலும் அதிபரின் தனிமை அவ்வளவு வேறுபட்டதல்ல என்று கண்டேன். இக்குறிப்புகளை எழுதத் தூண்டியது அதுவே.

இங்கிலாந்தின் பொதுக்கல்வி வரலாற்றில் 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் ஒரு திருப்புமுனை. தேசிய பாடத்திட்டம் அதனுடன் வந்தது. அதுவரை உள்ளூராட்சிச் சபைகளிடம் இருந்த பாடசாலைப் பணத்தின் பெரும்பகுதியும் அதிபரிடமும் நிர்வாகசபையிடமும் வந்தது. நேற்றுவரை வகுப்பறையில் நின்றவர் இன்று கூரை திருத்தவும் சம்பளக் கணக்குப் பார்க்கவும் வேண்டியவரானார். இரண்டு ஆண்டுகளின் பின், 1990இல், உள்லண்டன் கல்வி அதிகாரசபை கலைக்கப்பட்டது. அதனுடன் அதன் ஆலோசகர்களும் சிதறிப்போயினர். 1992இல் பெறுபேற்றுப் பட்டியல்கள் வெளிவந்தன. அதே ஆண்டின் சட்டத்தால் ஒவ்ஸ்ரெட் என்னும் பரிசோதனை அலுவலகம் பிறந்தது. ஆக, முதலில் அதிகாரம் வந்தது, அடுத்துத் தீர்ப்பு வந்தது. பயிற்சி மட்டும் வந்து சேரவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகள் 1990களின் நடுப்பகுதியில்தான் தொடங்கின. 1995இல் புதிய அதிபர்களுக்கெனப் பயிற்சிப் பணம் ஒதுக்கப்பட்டது. 1997இல் அதிபர் பதவிக்கான தேசிய தொழிற்தகைமை அறிமுகமாயிற்று. 2000ஆம் ஆண்டு நொட்டிங்ஹாமில் பாடசாலைத் தலைமைத்துவத்திற்கான தேசிய கல்லூரி உருவானது. இராணுவ அதிகாரிக்கும் பொலிஸ் அதிகாரிக்கும் கல்லூரி இருக்கையில் அதிபருக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது போலிருந்தது. 2009இலிருந்து, முதன்முறை அதிபராகும் எவரும் அத்தகைமையைப் பெற்றிருப்பது கட்டாயமாயிற்று. மூன்றே ஆண்டுகளில், 2012இல், கட்டாயம் நீக்கப்பட்டது. 2013இல் கல்லூரி வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. 2018இல் அவ்விணைப்பும் மூடப்பட்டு எஞ்சிய பணிகள் கல்வி அமைச்சிற்குள் சென்றன. தகைமை இன்றும் உண்டு, விரும்பியவர் கற்கலாம்.

ஒரு தொழிலின் கல்லூரி பதினெட்டு ஆண்டுகளுள் பிறந்து மறைந்ததை அரசு மாற்றத்தின் விளைவு என்று மட்டும் சொல்லித் தப்பிவிட முடியாது. தலைமைத்துவம் என்பதைச் சான்றிதழாகப் பார்த்தால் அதைக் கொடுப்பதும் எளிது, பறிப்பதும் எளிது.

இதற்கு மாறான ஓர் அனுபவமும் லண்டனிலேயே உண்டு. 2003இல் தொடங்கி 2011வரை நடந்த ‘லண்டன் சலெஞ்ச்’ திட்டத்தை அதன் தொடக்க ஆண்டுகளில் வழிநடத்தியவர் ரிம் பிறைற்ஹவுஸ். இடைநிலைப் பாடசாலைகளில் தொடங்கிய அது 2008இல் ஆரம்பப் பாடசாலைகளுக்கும் விரிந்தது. தடுமாறும் பாடசாலையின் அதிபரை விலக்குவதை மட்டும் தீர்வாகக் கொள்ளாமல், அனுபவமுள்ள இன்னோர் அதிபரை அவருக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். நாட்டின் சராசரிக்குக் கீழே கிடந்த லண்டனின் பெறுபேறுகள் அதற்கு மேலே சென்றன. குடியேறிய சமூகங்களின் பிள்ளைகளே இதற்குக் காரணம் என்று 2014இல் பொருளியலாளர் சைமன் பேர்ஜஸ் வாதிட்டார். எம்மவர்க்கு இது இனிக்கும் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், பாடசாலைகள் சரிந்துகிடந்த காலத்திலும் குடியேறிகளின் பிள்ளைகள் அவ்வகுப்புகளில் இருந்தார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

எமது பாடசாலைக்கும் அவ்வாண்டுகளில் வேறொரு பகுதியிலிருந்து ஓர் அதிபர் மாதத்தில் இரு நாட்கள் வந்துபோனார். அவர் வந்த நாட்களில் எமது அதிபரின் அறைக் கதவு நெடுநேரம் மூடியே இருக்கும். என்னதான் பேசினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். ‘எனக்குத் தெரியாதவற்றைப் பற்றி’ என்றார் அவர். எமக்கு அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது, ஏனெனில் ஆண்டுதோறும் அவரது வேலையை மதிப்பிட்டுச் சம்பள உயர்வைத் தீர்மானித்தவர்கள் நிர்வாகசபையினராகிய நாம்தான். தீர்ப்பளிக்கும் கையே தாங்கும் கையாகவும் இருக்க முடியாது என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். திட்டம் முடிந்ததும் அந்த வருகைகளும் நின்றன. அடுத்த பரிசோதனையை அவர் தனியே எதிர்கொண்டார். அதன்பின் ஓராண்டுகூட அங்கு நிற்கவில்லை.

2023 ஜனவரியில் ரெடிங் நகரின் ஆரம்பப் பாடசாலை அதிபர் ரூத் பெரி தற்கொலை செய்துகொண்டார். அதற்கு ஒவ்ஸ்ரெட் பரிசோதனையும் ஒரு காரணமாயிற்று என அவ்வாண்டு டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார். ஒரு பாடசாலை முழுவதையும் ஒரே சொல்லில் எடைபோடும் வழக்கம் அரச பாடசாலைகளில் 2024 செப்ரெம்பரில் கைவிடப்பட்டது. அந்தச் சொல்லைக் கொடுத்தவர்கள் பரிசோதகர்கள். அதைப் பார்த்து வீடு வாங்கியவர்கள் யார்? எமது கொண்டாட்டங்களில் சோற்றுத் தட்டுடன் நின்று ‘அந்தப் பள்ளிக்கூடம் அவுட்ஸ்ரான்டிங்’ என்று பேசிக்கொண்டவர்கள் நாமல்லவா?

எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளிலும் இதே மனப்பாங்குதான். அதிபராக ஒருவரை நியமிக்கிறோம், அடுத்த பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கிறோம். கேள்வி கேட்கக் கூடாது என்பதல்ல என் வாதம். கேட்பவர்களைத் தவிர வேறு எவராவது அவருக்குப் பக்கத்தில் இருக்கிறார்களா என்பதே நான் எழுப்பும் வினா. இரண்டு தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்கள் மாதம் ஒருமுறை, நிர்வாகக்குழுவினர் எவருமின்றி, ஒரு தேநீருடன் அமர்ந்து பேச நாம் ஒழுங்கு செய்யலாம். அதற்குக் கல்லூரியும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். இதில் மாற்றுக் கருத்துள்ளோர் எழுதுக.