வில்னியூஸ் நகரத்துக் கையொப்பம்

1941 ஆகஸ்டு முதல் ஜெர்மானிய ஆதிக்கத்தின் கீழ் லிதுவேனியாவின் வில்னியூஸ் மாகாணப் பாதுகாப்புப் போலீஸின் அதிபராக அமர்ந்திருந்த அலெக்சாண்ட்ராஸ் லிலெய்கிஸின் மீது பிற்காலத்தில் எழுந்த குற்றச்சாட்டு, அவர் துப்பாக்கி ஏந்தினார் என்பதன்று. பேனா ஏந்தினார் என்பதே. அடைக்கலமிருந்து அகப்பட்ட யூதர்களை லுகிஷ்கேஸ் சிறைக்கு அனுப்பவும், அங்கிருந்து கொலைப்படையினர் வசம் ஒப்புவிக்கவும் ஆணையிட்ட சிறு சிறு காகிதங்களின் அடியில் அவருடைய கையொப்பம் இருந்தது. அவ்வாறு ஒப்புவிக்கப்பட்டோர், சோவியத்துக்கள் எரிபொருள் தொட்டிகளுக்கென்று வெட்டிப் போட்டிருந்த பனேரியாய்க் காட்டுக் குழிகளின் விளிம்பில் நிறுத்திச் சுடப்பட்டனர். அவர்களுள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவள் தாயும் உண்டு.

யுத்தம் முடிந்து ஜெர்மனியில் சில வருஷம் தங்கிய அவர், 1955-இல் அமெரிக்கா சென்று, பாஸ்டனுக்கு அருகே நார்வுட் என்னும் ஊரில் குடியேறி, லிதுவேனியக் கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட்ட பதிப்பகத்தில் உத்தியோகம் பார்த்து, 1976-இல் பிரஜையும் ஆனார். தேசத்தின் ஞாபகத்தையெல்லாம் தொகுக்கும் பணி, எதை மறக்க வேண்டுமோ அதை மறந்தவருக்கு வாய்த்தது விசித்திரந்தான்!

1983-இல் அமெரிக்க நீதித்துறையினர் வந்து வினவியபோது, கையொப்பமிட்ட காகிதம் எங்கே என்று கேட்கும் தைரியம் அவரிடம் இருந்தது; காகிதங்களோ அப்போது சோவியத் ஆவணக் காப்பகங்களுக்குள் பூட்டிக் கிடந்தன. லிதுவேனியா சுதந்திரம் பெற்றதும் கதவு திறந்தது. 1996 மே மாதம் பிரஜா உரிமை பறிபோக, அவர் வில்னியூஸுக்கே திரும்பினார். இனப்படுகொலைக் குற்றம் சாட்டப்பெற்று 1998 நவம்பரில் சக்கர நாற்காலியில் நீதிமன்றம் வந்தவர், உடல்நலக் குறைவைக் காரணமாகக் கொண்டு விசாரணை மீண்டும் மீண்டும் தள்ளிப்போக, 2000 செப்டம்பரில், தீர்ப்புக்கு முன்னரே, 93-ஆம் வயதில் காலமானார்.