செப்பேடும் சிற்றுளியும்

சோழர் வரலாற்றைப் படிக்கும்போது அரசன் பெயர் தெரிகிறது, ஊர்ப் பெயர் தெரிகிறது, தானம் பெற்றவர் பெயரும் தெரிகிறது. இவ்வளவையும் ஆயிரம் ஆண்டு தாண்டி நம் கையில் கொண்டுவந்து சேர்த்தது ஒரு விரல் நீள உலோகத் துண்டு. அந்தச் சிற்றுளியைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசக் காணோம். நான் பண்டிதன் அல்லன். மும்பை ஜவேரி பஜாரில் நாற்பது ஆண்டுகளாக நகை வியாபாரம் செய்பவன். ராத்திரி கடை அடைத்த பிறகு சாசனப் பதிப்புகளைப் புரட்டுகிறவன். பட்டறையில் பார்த்ததையும் நூலில் படித்ததையும் சேர்த்து வைத்து இங்கே சொல்கிறேன்.

வெட்டியவர் யார்?

பெரிய லெய்டன் செப்பேடு 21 ஏடுகள் கொண்டது. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செய்தி அதில் உள்ளது. திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகள்; முதலாம் இராசேந்திரன் காலத்தது; 1905இல் வெளிப்பட்டது. இரண்டிலும் எழுத்து வெட்டிய காஞ்சிபுரத்துக் கைவினைஞர்களின் பெயர்கள் இடம்பெற்றுள்ளன. அரசனுடைய சாசனத்தில் உளி பிடித்தவனுக்கும் ஓர் இடம்! இன்றைக்கு நம்ம வீட்டு மோதிரத்தில் பெயர் வெட்டியவர் யார் என்று கேட்டால் நமக்குத் தெரியுமா?

எங்கள் சமணர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பல்லவன் சிம்மவர்மனின் பள்ளன்கோயில் செப்பேடு, பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி என்ற சமண முனிவருக்குக் கொடுத்த தானத்தைச் சொல்வது. அதன் எழுத்தமைதியை வைத்து, மூல ஏட்டைப் பார்த்துப் பிற்காலத்தில் வெட்டிய படி என்று அறிஞர் கருதுகின்றனர். அப்படியானால், பழைய தானம் மறையாதபடி இன்னொரு கை மறுபடியும் உளி பிடித்திருக்கிறது.

1888இல் குப்தர் சாசனங்களைத் தொகுத்து வெளியிட்ட ஃப்ளீட் என்ற ஆங்கிலேய அறிஞர், ஒவ்வொரு செப்பேட்டையும் வருணிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிப்பார். எழுத்தின் பள்ளத்துக்குள் உளி நகர்ந்த தடம் தெரிகிறதா என்பது ஒன்று. ஏடு மெலிதாக இருந்து எழுத்து பின்பக்கம் புடைத்துத் தெரிகிறதா என்பது மற்றொன்று. இதைப் படித்தபோது எனக்குப் பட்டறைதான் ஞாபகம் வந்தது. தடம் படிப்படியாக இருந்தால் சுத்தியால் தட்டித் தட்டி உளியை ஓட்டியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. உள்ளங்கையால் தள்ளி வெட்டினால் பள்ளம் வழுவழுவென்று ஒரே ஓட்டமாக வரும். நகை வேலையில் இந்த இரண்டு முறையும் உண்டு.

கோணம் என்னும் சூட்சுமம்

உளியில் பார்க்க வேண்டிய கோணங்கள் மூன்று. முதலாவது, வாயின் அகலக் கோணம். அதாவது எதிரே இருந்து பார்த்தால் தெரியும் 'வி' வடிவம். இது வழக்கமாக 90, 105, 120 டிகிரிகளில் இருக்கும். அரை மில்லிமீட்டர் அகலக் கோடு போட்டால் 90 டிகிரி உளி கால் மில்லிமீட்டர் ஆழம் இறங்கும். 120 டிகிரி உளி 0.14 மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆழமாக நிற்க வேண்டிய எழுத்துக்கு முன்னது. அகலமாகப் பளபளக்க வேண்டிய பூவேலைக்குப் பின்னது.

இரண்டாவது, முகத்தின் சாய்வு. பெரும்பாலும் 45 டிகிரி. வெள்ளிக்கும் பொன்னுக்கும் இது போதும். எஃகு போன்ற கடினமான உலோகத்துக்கு 50, 55 என்று மொட்டையாக்குவார்கள். இல்லாவிட்டால் முனை பொசுக்கென்று ஒடிந்துவிடும்.

மூன்றாவது, அடியில் தேய்த்த சின்னச் சாய்வு. இதைக் குதிகால் என்று வைத்துக்கொள்வோம். 15 முதல் 20 டிகிரி. இது இல்லாவிட்டால் முனை உள்ளே முங்கிக்கொண்டே போகும், கைப்பிடியும் தகட்டில் இடிக்கும். குதிகால் நீண்டுவிட்டாலும் சங்கடம்தான்: வளைவில் திரும்பும்போது கோட்டின் வெளிக்கரையைக் கீறிவிடும். சுழி நிறைந்த நம் தமிழ் எழுத்துக்குக் குட்டைக் குதிகால்தான் ஏற்றது. 'ண'வும் 'ஞ'வும் வெட்டிப் பார்த்தால் புரியும்.

ஜெய்ப்பூரும் பீதரும்

ஜெய்ப்பூர் மீனா வேலையை முதலாம் மான்சிங் (ஆட்சி 1589–1614) லாகூரிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்துத் தொடங்கினார் என்பது மரபு. பொன்னில் பள்ளம் வெட்டி, அதன் தரையில் நுணுக்கமான கோடுகளை இழைப்பார்கள். கண்ணாடிச் சாயம் அந்தக் கோடுகளைப் பற்றிக்கொள்ளும். மேலே விழும் வெளிச்சம் கோடுகளில் பட்டுத் திரும்பிச் சிவப்பும் பச்சையும் உயிர் பெறும். கோட்டின் கோணம் மாறினால் ஒளியும் மாறும். பார்ப்பவர் சாயத்தைப் புகழ்வார்கள். பாதிப் புகழ் அடியில் மறைந்திருக்கும் உளி வேலைக்குச் சேர வேண்டியது.

கர்நாடகத்துப் பீதரில் துத்தநாகமும் சிறிது செம்பும் கலந்து வார்த்த பாத்திரத்தில் வெட்டி, அந்தப் பள்ளத்தில் வெள்ளியைத் தட்டிப் பதிப்பார்கள். அங்கே பள்ளத்தின் கரைதான் வெள்ளியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கரை சரிந்தால் வெள்ளி கழன்றுவிடும்.

கை பழகும் விதம்

பட்டறையில் பையனை நேராகப் பொன்னில் உட்கார வைக்கமாட்டார்கள். செம்புத் தகட்டை அரக்கில் பதித்துக் கொடுப்பார்கள். முதலில் நேர்கோடு, பிறகு பக்கத்தில் பக்கத்தில் ஒரே இடைவெளியில் கோடுகள், பிறகு வளைவு, கடைசியில் எழுத்து. வளைவில் உளியைத் திருப்பக் கூடாது, வேலையைத்தான் இடது கையால் திருப்ப வேண்டும். உளி வழுக்கினால் தன் கையைக் குற்றம் சொல்லாமல் முனையைச் சாணைக்கல்லில் பார்க்கச் சொல்வார்கள்; பாதிக் குறை மழுங்கிய முனையில்தான் இருக்கும். ஜெய்ப்பூர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சேட்ஜி, வெட்டக் கற்க ஒரு வருஷம், தீட்டக் கற்க மூன்று வருஷம்."

இன்றைய நிலை

இப்போது வைர முனை வைத்த இயந்திரமும் லேசரும் நிமிஷத்தில் பெயர் போட்டுவிடுகின்றன. கூலி குறைவு, பிழையும் குறைவு. வியாபாரியாக நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் வைர முனை உலோகத்தைச் சீவி எடுப்பதில்லை, கீறித்தான் விடுகிறது. லேசர் எழுத்தும் பல கடைகளில் மேலோட்டமாகவே போடப்படுகிறது. நாலு தடவை மெருகு போட்டால் பேத்தி கைக்கு வரும்போது மோதிரம் இருக்கும், பெயர் இருக்காது. ஆழமாக வெட்டிய பாட்டியின் பித்தளைக் குடத்தில் ஊர்ப் பெயரும் தாத்தா பெயரும் இன்றும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன அல்லவா?

ஊரை விட்டு வந்த நமக்கு அந்தப் பாத்திரங்கள்தான் வீட்டுச் செப்பேடுகள். ஆகவே வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். பழைய பாத்திரத்தை எடைக்குப் போடும் முன் அதில் உள்ள பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு ஒரே ஒரு மோதிரத்திலாவது கையால் தமிழில் பெயர் வெட்டச் சொல்லுங்கள். வெட்டியவர் பெயரையும் கேட்டு அதே நோட்டில் குறியுங்கள். சோழன் செய்த மரியாதை அது. நாமும் செய்யலாம்.