மூன்று சக்கரத் தேரும் முற்றத்து அப்பளமும்

பழைய சோழநாட்டில் ஒரு வீட்டு முற்றம். உணவுப்பொருள் வெயிலில் காய்கிறது. கோழி வந்து கொத்துகிறது. காவலிருக்கும் பெண் காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றி அதன்மேல் வீசுகிறாள். கோழி ஓடிவிடுகிறது, குழை முற்றத்திலேயே கிடக்கிறது. அந்நேரம் பார்த்து, காலில் பொன்னணி பூட்டிய பிள்ளை ஒருவன் குதிரையில்லாத மூன்று சக்கரத் தேரை உருட்டிக்கொண்டு வருகிறான். சக்கரம் குழையில் முட்டி நிற்கிறது. பட்டினப்பாலையின் தொடக்கப் பகுதியில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காட்சி இது. இந்தத் தடங்கலைத் தவிர மனம் கலங்கும் பகை எதையும் அறியாத ஊர் என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறார்.

தமிழாசிரியையாக இருந்த காலமெல்லாம் இதைச் சோழநாட்டின் செல்வ வளத்துக்குச் சான்றாகத்தான் வகுப்பில் சொல்லிவந்தேன். பாட்டின் நோக்கம் அதுதான். ஆனால் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்தபின் படிக்கும்போது அந்தப் பெண்ணின் கைதான் எனக்கு முதலில் தெரிகிறது. காயும் பண்டம் ஒரு பக்கம், கோழி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். மூன்றையும் ஒருத்தி பார்க்க வேண்டும். அந்த அவசரத்தில் கைக்கு எது வருகிறதோ அது பறக்கும். அவள் காதில் பொன் இருந்தது, பொன் பறந்தது. எங்கள் தெருவில் அகப்பை பறக்கும்.

பட்டினப்பாலை பாடும் காவிரிப்பூம்பட்டினம்தான் இன்றைய பூம்புகார். அங்கே 1973-இல் அமைத்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்க்கப் போனபோது கண்ணகியையும் மாதவியையும் கல்லில் கண்டு மனம் நிறைந்தது. அதே ஊரில் இந்தக் கோழிக்கும் குழைக்கும் தேருக்கும் ஒரு பலகையேனும் செதுக்கி வைக்க வேண்டும் என்று அன்றே தோன்றியது. அரசர்களுக்கும் வணிகர்களுக்கும் மட்டுமா அந்த ஊர்? நடை பழகிய பிள்ளைக்கும் உரியதுதானே.

அந்தத் தேரை நான் நடைவண்டி என்றே வாசிக்கிறேன். சக்கரம் மூன்று; பிள்ளை அதில் ஏறவில்லை, உருட்டுகிறான்; இடம் வீட்டு முற்றம். இதற்குமேல் என்ன வேண்டும்? உருத்திரங்கண்ணனாரே பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் இப்படி ஒரு தேர் வருகிறது. காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பாட்டு அது. உழவர் வீட்டுப் பிள்ளைகள், ஏறி ஓட்ட முடியாத ஒரு சிறுதேரை உருட்டி விளையாடுகிறார்கள். தச்சர் வீட்டுச் சிறுவர்களே ஆசைப்படும் அளவுக்கு அழகாகச் செய்த தேர். தளர்நடை போட்டுச் சோர்ந்த பிள்ளைகள் செவிலியிடம் வயிறு நிறையப் பால் குடித்துப் படுக்கையில் உறங்கிப்போகிறார்கள். உருட்டு, சோர்வு, பால், தூக்கம்: வரிசை மாறாமல் எழுதியிருக்கிறார். இரண்டு அரசர்களைப் பாட வந்த ஒரே புலவர் இரண்டு இடத்திலும் பிள்ளையின் தேரை மறக்கவில்லை. அவர் வீட்டிலும் ஒரு வண்டி உருண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

குறுந்தொகையில் தும்பிசேர் கீரனும் தச்சன் செய்த சிறுதேரைச் சொல்கிறார். ஏறிப் போக முடியாவிட்டாலும் கையால் இழுத்தே சிறுவர்கள் மகிழ்வதைத் தோழி தலைவனோடான நட்புக்கு ஒப்பாக எடுத்துச் சொல்கிறாள். காதலைப் பற்றிப் பேசும் இடத்தில் உவமைக்கு வந்து நிற்பது விளையாட்டு வண்டி. கேட்பவர் வீட்டிலெல்லாம் அந்த வண்டி இருந்தால்தான் அந்த உவமை எடுபடும்.

இந்த நூல்களில் பலவற்றை ஏட்டுச்சுவடியிலிருந்து நம் கைக்குக் கொண்டுவந்த உ. வே. சாமிநாதையருக்குத் தமிழ்த் தாய்மார்கள் தனியாகவே கடன்பட்டிருக்கிறோம். பத்துப்பாட்டு 1889-இல் அச்சில் வந்தது, புறநானூறு 1894-இல். போரும் கொடையுமாக நிறைந்த அந்தப் புறநானூற்றில்தான் பாண்டியன் அறிவுடைநம்பியின் பாட்டு இருக்கிறது. குறுகுறுவென்று நடந்துவரும் குழந்தை சின்னக் கையை நீட்டுகிறது, நெய்ச்சோற்றைத் தரையில் போடுகிறது, தொடுகிறது, வாயால் கவ்வுகிறது, துழாவுகிறது, உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. ஒரு வேளைச் சோறு ஊட்டியவர்களுக்குத் தெரியும், இதில் ஒரு வினைச்சொல்கூட மிகையில்லை. பலரோடு உண்ணும் பெருஞ்செல்வருக்கும் இப்படியொரு பிள்ளை இல்லையென்றால் வாழ்நாள் பயனற்றது என்கிறார், அரசராயிருந்தவர். சாத்தனாரின் மணிமேகலையில் குழந்தையின் வாயிலிருந்து ஒழுகும் நீர் கழுத்தில் கிடக்கும் ஐம்படைத்தாலியை நனைக்கிறது. காப்புக்காகக் கட்டும் அணி அது. எங்கள் வீட்டில் எச்சில் துணியைப் பகலெல்லாம் மாற்றிக்கொண்டே இருந்தவள் நான். சாத்தனார் அதைக் கவனித்து எழுதினார் என்பதில் எனக்குச் சொல்ல முடியாத மகிழ்ச்சி.

பெரியாழ்வார் இதை இன்னும் வளர்த்தார். கண்ணனுக்குக் காது குத்தவும், தலைக்கு ஊற்றவும், பால் குடிக்க வைக்கவும் யசோதை படும் பாட்டுக்கெல்லாம் தனித்தனிப் பதிகம் உண்டு. தின்பண்டத்தைக் காட்டித்தான் அவளும் பிள்ளையைக் குளிக்க அழைக்கிறாள். பின்னால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடினார். அந்த வகை நூல்களில் பிள்ளை வளர்வது பத்துப் பருவமாக நிற்கிறது. ஐந்தாம் மாதம் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலையசைக்கும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் நடந்துவரும் வருகை. ஆண்பிள்ளைக்கு நிறைவாக, இருபத்தொன்றாம் மாதத்தில் சிறுதேர். அதற்கு முன்னால் சிற்றில் பருவம் வருகிறது. சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டை அந்தப் பிள்ளை காலால் எத்தி அழிப்பான், அவர்கள் வேண்டாம் என்று கெஞ்சுவார்கள். குறும்புக்கே பத்துப் பாட்டு ஒதுக்கிய மொழி நம்முடையது.

பெண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேர் கிடையாது. அம்மானையும் ஊசலும் உண்டு, தேர் மட்டும் ஆண்பிள்ளைக்கு. எனக்கு இது ஆறாத குறை. முற்றத்தில் பெண்பிள்ளைகளும் அந்த வண்டியைத் தள்ளித்தான் நடை பழகியிருப்பார்கள். எங்கள் வீட்டு நடைவண்டியில் என் அக்காவும் நானும் நடந்தோம், அதற்கு அப்புறம்தான் அது தம்பிக்குப் போனது.

அந்த வண்டி அம்பாசமுத்திரத்தில் செய்தது. தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் எங்கள் கல்லிடைக்குறிச்சி, அந்தப் பக்கம் அம்பாசமுத்திரம். அங்கே கடைசல் பட்டறைகளில் செப்புச் சாமான் செய்வார்கள்: பிள்ளைகள் சோறாக்கி விளையாடும் சின்ன அடுப்பு, குடம், அம்மி, உரல். மரத்துண்டைச் சுழலவிட்டு உளியால் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் நிறமாக ஏறும். சிவப்பு, மஞ்சள், பச்சை. நடைவண்டியின் சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் அதே கடைசல்தான். சட்டத்தை மட்டும் ஆசாரி இழைத்துப் பொருத்துவார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, பிள்ளையின் நெஞ்சு மட்டத்தில் குறுக்குக் கட்டை. அவ்வளவுதான் வண்டி.

கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம். உளுந்து மாவில் பிரண்டைச் சாறும் பெருங்காயமும் சேர்த்து இடித்து, வீடு வீடாகப் பெண்கள் கூலிக்கு இட்டுக் கொடுப்பார்கள். எங்கள் ஆச்சியும் இட்டார். முற்றத்தில் பழைய வேட்டியை விரித்து அப்பளத்தை உலர்த்தியிருந்த ஒரு காலையில், தம்பி தார்சாவிலிருந்து வண்டியோடு இறங்கி வந்தான். நடைவண்டிக்கு நேரே போகத் தெரியும், திரும்பத் தெரியாது. வேட்டியின் ஓரத்தில் ஏறி, நடுவில் புகுந்து, அந்தப் பக்கம் சுவரில் முட்டி நின்றது. ஈரம் காயாத அப்பளங்கள் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே போயின. சுவரடியில் மாட்டிக்கொண்டதும் அவன் அழுவான் என்று ஓடினோம். அவன் அதற்குள் உட்கார்ந்து, சக்கரத்திலிருந்து ஒன்றை உரித்து வாயில் வைத்துவிட்டான். பச்சை அப்பளத்தின் உப்பும் பெருங்காயமும் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. அடுத்ததற்குக் கை நீட்டினான்.

ஆச்சி புறவாசலிலிருந்து வந்து பார்த்தார். கூலிக் கணக்கில் போகிற அப்பளம் அது, கிழிந்ததற்குக் காசு கிடையாது. ஒரு நிமிஷம் இடுப்பில் கைவைத்து நின்றவர், "பிள்ளை வண்டிய ஓட்டுதானா, வண்டி பிள்ளைய ஓட்டுதா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். "எய்யா, போதும்யா, வயித்த வலிக்கும்" என்று வாயிலிருந்ததைத் தோண்டி எடுத்து, வண்டியைத் தூக்கித் திருப்பி, வந்த வழியே அவனை அனுப்பினார். பிய்ந்த அப்பளமெல்லாம் அன்று மத்தியானம் குழம்பில் கிடந்தது. மறுநாள் முதல் வேட்டியைச் சுற்றிக் கொடிக்கயிறு ஒன்று கட்டினார். தம்பியை அன்றும் மறுநாளும் கட்டிப்போடவில்லை, வண்டியைப் பரணில் ஏற்றவும் இல்லை.

வண்டியின் குணத்தைப் பாதி தரைதான் முடிவு செய்யும் என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன். அன்று முற்றம் மண். பட்டாசல் சாணி மெழுகிய தரை. மரச்சக்கரம் அதில் பைய நகரும், பிள்ளை எட்டு வைக்கும் வேகத்துக்குமேல் ஓடாது. சிமெண்டுத் தரை வந்தது, அப்புறம் வழுவழுப்பான டைல்ஸ் வந்தது. என் மகன் பழகிய காலத்தில் அதே வண்டி முன்னால் ஓடிப்போக, அவன் கைப்பிடியைப் பிடித்தபடி முகங்குப்புற விழுந்தான். ஆசாரியிடம் எடுத்துப்போனபோது அவர் அச்சில் பழந்துணியைச் சுற்றி இறுக்கிக் கொடுத்தார். "இனி பிள்ளை தள்ளுனாத்தான் போகும், அம்மா" என்றார். அதுமுதல் சக்கரம் கனமாக உருண்டது, அவனும் அழுத்தித் தள்ளி நிமிர்ந்து நடந்தான்.

எங்கள் பக்கத்தில் குழந்தை முதன்முதல் வாசற்படி தாண்டினால் கொழுக்கட்டை அவித்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். படி தாண்டிய பிள்ளை அன்றுமுதல் ஓரிடத்தில் இராது. அரிசிப் பானையில் கைவிடும், அடுக்களையில் உப்பைக் கொட்டும், செம்பைக் கிணற்றில் போடும். அது தெரிந்தே மாவு இடித்த பெண்களை நான் வணங்குகிறேன். எங்கள் வீட்டில் படி தாண்டுகிற அன்றுதான் நடைவண்டியைப் பரணிலிருந்து இறக்குவார்கள். பிள்ளை தானாக எதையாவது பிடித்து எழுந்து நின்றிருக்க வேண்டும் என்பது ஆச்சியின் கட்டாயம். நிற்காத பிள்ளையிடம் வண்டியைக் கொடுக்க விடமாட்டார்.

இன்று கடைகளில் வாக்கர் என்று விற்பது வேறு சாமான். பிளாஸ்டிக் வளையத்துக்கு நடுவே துணி இருக்கை, கீழே எந்தப் பக்கமும் சுழலும் சக்கரங்கள். நிற்கத் தெரியாத குழந்தையை அதில் உட்கார்த்திவிட்டால் நுனிக்காலால் உந்திக்கொண்டு கண்மூடித் திறப்பதற்குள் படிக்கட்டுக்குப் போய்விடும், அடுப்பருகே போய்விடும். படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் பலரைக் கண்டபின் கனடா நாடு 2004-இல் இதன் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் மூன்றையும் தடை செய்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் தடையே கேட்கிறார்கள். குழந்தை சீக்கிரம் நடக்க இது உதவாது, தாமதப்படுத்தவும் கூடும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். இரண்டுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் நடைவண்டியையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம். நடைவண்டியில் குழந்தை தன் காலில், தன் எடையைத் தாங்கி நிற்கிறது. விழுந்தால் தன் உயரத்திலிருந்து விழுகிறது. அச்சு இறுகியிருந்தால், கையை எடுத்ததும் வண்டியும் நின்றுவிடும்.

என் மருமகள் முதலில் வாக்கர்தான் வாங்க நினைத்தாள். "அத்தை, எல்லார் வீட்லயும் அதுதான இருக்கு" என்றாள். அவளையும் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் போனேன். கைப்பிடி பேரனின் நெஞ்சுக்குச் சரியாக வருகிறதா என்று அவனை நிறுத்தியே அளந்தோம். ஆணி எங்கும் துருத்தவில்லையா என்று சட்டம் முழுக்க நான் கைவைத்துத் தடவிப் பார்த்தேன். அச்சை இறுக்கச் சொல்லி, சக்கரத்தை உருட்டிப் பார்த்து, அரக்கு வாசனை போகாத புது வண்டியாக வாங்கி வந்தோம். மாடிப்படிக்கு மட்டும் மகன் ஒரு மரத்தட்டி அடித்தான். பேரன் இப்போது பட்டாசலின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் போய்வருகிறான். சுவரில் முட்டியதும் "ஆச்சீ" என்று கூப்பிடுவான். யாராவது போய் வண்டியைத் திருப்பி வைக்க வேண்டும்.